லொறி டியூபில் ஒரு மடிக்கவசம்

எனக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. பிறக்கும்போதே முதுகுத்தண்டில் இருந்த குறை அது. ஊசி குத்தினாலும் தெரியாது, சூடு பட்டாலும் தெரியாது. சின்ன வயதில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என் காலைக் கிள்ளிப் பார்ப்பார்கள். நான் சிரித்துக்கொண்டே இருப்பேன். அவர்கள்தான் முகத்தைச் சுளிப்பார்கள்.

சக்கர நாற்காலியில் இருப்பதைப் பற்றி நான் அதிகம் கவலைப்பட்டதில்லை. கண்டியில் இருப்பதுதான் கொஞ்சம் சிரமம். மலைச்சரிவில் கட்டிய ஊர். எங்கே போனாலும் படி. உயர்தர வகுப்பில் விஞ்ஞானப் பிரிவுதான் எடுக்கப்போகிறேன் என்று சொன்னபோது, மாநகரசபையில் எழுதுவினைஞராக இருந்த அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“லேப் எத்தனாவது மாடியில இருக்கு?”

மேல்மாடியில் இருந்தது. அதனால் என் தோழிகள் நான்கு பேர் என்னை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். அது அவர்களுக்கு ஒரு திருவிழா. ஐந்தாவதாக ஒருத்தி முன்னால் போய் வழியில் நிற்பவர்களை விலக்குவாள். இன்னொருத்தி ஒவ்வொரு படிக்கும் “ஏலேலோ” போடுவாள். இறக்கி வைத்ததும் மூச்சு வாங்கியபடி தங்கள் கைகளைத் தாங்களே பிடித்துவிட்டுக்கொள்வார்கள். ஒரு நாளாவது ஒருத்தி முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

ஆனால் மேலே போன பிறகு எனக்கு அங்கே வேலை இல்லை. சீமெந்து மேசைகள் என் தாடைக்கு மேலே இருந்தன. தோழிகள் பரிசோதனை செய்வார்கள், அளவைச் சொல்வார்கள், நான் எழுதுவேன். இரண்டு தவணை இப்படியே போனது. என் கொப்பி வகுப்பிலேயே அழகானது என்று பெயர் வாங்கியது. அளவியின் திருகை நான் ஒரு தடவைகூடத் தொட்டிருக்கவில்லை. அளவி என்பது அடியில் திருகு வைத்த நீளமான கண்ணாடிக் குழாய். அதைத் திறந்து சொட்டுச் சொட்டாகக் கரைசலை விட்டு, நிறம் மாறும் இடத்தில் நிறுத்த வேண்டும். அந்தப் பரிசோதனைக்கு நியமிப்பு என்று பெயர்.

ஒரு மழை நாளில் படியில் ஒருத்திக்குக் கால் சறுக்கியது. நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்து, சுவரில் முட்டி நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனால் பாடசாலை அதிபர் பார்த்துவிட்டார். இனி என்னைத் தூக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது.

அன்று இடைவேளையில் நான் அழுதுகொண்டிருந்தேன். ஏலேலோ போடுகிறவள் பன்னீர்ப் பழம் தின்றுகொண்டே யோசித்தாள்.

“ஒன்னத்தானே தூக்கக் கூடாதுன்னு சொன்னாங்க? லேப்பத் தூக்கக் கூடாதுன்னு சொல்லலியே?”

அடுத்த இரசாயனவியல் பாடத்துக்கு அவர்கள் தாங்கிகளையும் அளவிகளையும் போத்தல்களையும் கீழே இறக்கிக்கொண்டு வந்தார்கள். ஆசிரியை முதலில் தயங்கினார். பிறகு தானே ஒரு தட்டை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். கீழ்மாடியில் காலியாக இருந்தது தையல் அறைதான். தையல் மெஷின்களை ஓரமாக நகர்த்திவிட்டுச் சாமான்களை அடுக்கினார்கள். அந்த மேசைகள் உட்கார்ந்து வேலை செய்வதற்காகச் செய்தவை. நான் நாற்காலியை உருட்டிக்கொண்டு போனேன். முழங்கால் உள்ளே போனது. அளவியின் திருகு என் கைக்கு நேராக இருந்தது.

முதல் நியமிப்பில் அவசரப்பட்டு அதிகமாக விட்டு, குடுவை முழுவதும் நாவல்பழச் சாறு போலாகிவிட்டது. தோழிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரண்டாவது தடவை, கடைசிச் சொட்டு விழுந்து, தண்ணீர் போல் இருந்த கரைசல் மெல்லிய ரோஜா நிறத்துக்கு வந்து அப்படியே நின்றது. அந்த நிறத்தை நானே கொண்டுவந்தேன் என்பதில் எனக்கு வந்த கர்வத்தை இப்போதும் சொல்லத் தெரியவில்லை. பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல்தான் படிப்பேன் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். படித்தேன். அங்கேயும் படிகள் இருந்தன, அங்கேயும் நல்ல மனிதர்கள் இருந்தார்கள். எப்படியோ பட்டம் வாங்கினேன்.

பிறகு வேலை. குண்டசாலைப் பக்கம் ஒரு தனியார் ஆய்வுகூடம். கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர், போத்தல் தண்ணீர் எல்லாம் சோதித்து அறிக்கை கொடுக்கும் இடம். கட்டிடம் ஒரே தளத்தில் இருந்ததுதான் நான் விண்ணப்பித்ததற்குப் பாதிக் காரணம். நேர்முகத் தேர்வுக்குப் போனபோது, அங்கே தலைமை இரசாயனவியலாளராக இருந்தவர் என் நாற்காலியைப் பார்த்தார், என் சான்றிதழைப் பார்த்தார், பிறகு கேட்டார்:

“பிள்ளைக்கு எந்தப் பரிசோதனை செய்யப் பிடிக்கும்?”

“நியமிப்பு சேர்.”

“ஓம், எனக்கும் அதுதான். இப்ப எல்லாரும் மெசினைத்தான் நம்புகினம். நாளைக்கே வாறீங்களோ?”

சேர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிக்கு வந்து பல வருடங்கள் ஆகியும் அவருடைய பேச்சு கொஞ்சமும் மாறவில்லை. அவரைத் தவிர அங்கே என்னோடு வேலை செய்தவர் கலகெதரயிலிருந்து வரும் ஒரு முஸ்லிம் அக்கா. ராத்தா என்றுதான் நான் அவரைக் கூப்பிடுவேன். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். சிரிப்பதற்கு முன்னாலேயே வாயைப் பொத்திக்கொள்வார், அப்படியும் சத்தம் வெளியே வந்துவிடும்.

ஆய்வுகூட மேசை என் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. முழங்கையைத் தூக்கிக்கொண்டு வேலை செய்யப் பழகினேன். மேலே இருக்கும் போத்தல்களை ராத்தா எடுத்துத் தருவார். நான் கேட்பதற்கு முன்னாலேயே தருவார். குடுவைகளைக் கழுவ விடமாட்டார். “நீங்க சும்மா ஈங்க புள்ள, நான் கழுவுற” என்பார். சேர் தினமும் காலையில் வந்து, என் நாற்காலிச் சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று விரலால் அமுக்கிப் பார்ப்பார். அந்த இடத்தில் என்னை எல்லோரும் தாங்கினார்கள். மேசையின் உயரத்தைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வேலை கொடுத்தவர்களிடம் மேசையும் கேட்பதா என்று ஒரு கூச்சம்.

அந்த விபத்து ஒரு மத்தியானம் நடந்தது. ராத்தா லுஹர் தொழப் போயிருந்தார். மாதிரிப் போத்தல்களைக் கழுவுவதற்காக நான் நைத்திரிக் அமிலத்தைப் போத்தலிலிருந்து அளவுச்சாடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். கண்ணுக்கு நேராகப் பிடித்து ஊற்ற வேண்டியிருந்ததால் கை நடுங்கி, கொஞ்சம் மேசையில் சிந்தியது. உடனே மேசையை நனைத்துத் துடைத்தேன். கையுறையைக் கழுவினேன். எல்லாம் ஒழுங்காகச் செய்தேன் என்ற நினைப்பில் அடுத்த வேலைக்குப் போனேன். ஒரு கிணற்றுத் தண்ணீரின் வன்மையை, அதாவது கடினத்தன்மையை, பார்க்கும் நியமிப்பு. சிவப்பு நீலமாக மாறும் இடத்துக்குக் காத்துக்கொண்டிருந்தேன்.

ராத்தா உள்ளே வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“அல்லாஹ்வே! புள்ள, உங்கட பாவாடையப் பாருங்க!”

குனிந்து பார்த்தேன். மடியில் துணி உள்ளங்கை அகலத்துக்குக் கரைந்து போயிருந்தது. அதற்குக் கீழே என் தொடை மஞ்சளாக இருந்தது. மேசை விளிம்பால் வழிந்த அமிலம் மடியில் விழுந்திருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் துள்ளி எழும்பியிருப்பார்கள். நான் நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூலையில் அவசரத்துக்கு நின்று குளிக்கும் ஷவர் ஒன்று இருந்தது. அதற்கு ஒரு படி ஏற வேண்டும். இழுக்கும் சங்கிலி ஆள் உயரத்தில் தொங்கியது. ராத்தா என்னைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு வாளியை எடுத்தார். குழாயைத் திறந்து, நிரப்பி நிரப்பி என் மடியில் ஊற்றத் தொடங்கினார். நாற்காலி, தரை, அவருடைய பர்தா எல்லாம் நனைந்தது. சத்தம் கேட்டு ஓடி வந்த சேர், என் பாவாடையை ராத்தா கிழித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, அப்படியே திரும்பி நடைபாதைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“தண்ணியை நிப்பாட்டாதேங்கோ! நான் சொல்லும் வரைக்கும் ஊத்துங்கோ!” என்று சுவரிடம் கத்தினார்.

“ஊத்துறன் சேர்!”

“பிள்ளைக்கு நோகுதோ?”

“நோகல சேர்,” என்றேன். உண்மையில் எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. அதைக் கேட்டு ராத்தா அழத் தொடங்கினார். அழுதுகொண்டே ஊற்றினார்.

ஆஸ்பத்திரியில் மருந்து கட்டினார்கள். உணர்வில்லாத இடத்துக் காயம் மெதுவாகத்தான் ஆறும் என்று டாக்டர் சொன்னார். அப்படியே ஆனது. ராத்தா பஸ் மாறிக் கட்டுகஸ்தோட்டைக்கு வந்து, எங்கள் வீட்டில் அம்மாவோடு உட்கார்ந்து, வட்டிலப்பத்தை எனக்கு ஊட்டிவிடாத குறையாகத் தந்துவிட்டுப் போவார். சேர் தொலைபேசியில் தினமும் ஒரே கேள்வி கேட்பார். “காயம் காஞ்சிட்டுதோ?”

காய்ந்த பிறகு வேலைக்குத் திரும்பினேன். ஆய்வுகூடத்துக்குள் போகவிடாமல் சேர் என்னை முன்னறைக்கு அழைத்துப் போனார். குளிரூட்டி பூட்டிய அறை. புது மேசை, புதுக் கணினி. ஒரு சின்னக் கண்ணாடி முகவையில் தண்ணீர் விட்டு அந்தூரியப் பூ வைத்திருந்தார்கள்.

“இனி பிள்ளை இங்கை இருந்து அறிக்கையளைப் பாருங்கோ. சம்பளம் அதேதான். அமிலப் பக்கம் வரவேண்டாம். நான் உங்கட அப்பாவுக்குச் சொல்லிப்போட்டன்.”

சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. கோபக்காரரிடம் சண்டை போடலாம். அந்தூரியம் வைத்த மனிதரிடம் என்ன சொல்லி மறுப்பது?

உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். ராத்தா எடுத்த அளவுகள், சேர் எடுத்த அளவுகள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் குடுவைகள் சிவப்பும் நீலமுமாக மாறிக்கொண்டிருந்தன. அழகாக எழுதிக் கொடுக்கும் வேலைக்கு மறுபடியும் வந்து சேர்ந்திருந்தேன். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன்: “நல்ல எடம்மா. ஃபேன்கூடப் போட வேணாம்.” அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு இடியப்பத்தைத் தட்டில் வைத்தார்.

சில வாரங்கள் போயிருக்கும். மத்தியானச் சாப்பாட்டை நாங்கள் மூவரும் முன்னறையில் சேர்ந்துதான் சாப்பிடுவோம். அன்று ராத்தா கத்தரிக்காய் மோஜு கொண்டுவந்திருந்தார். எனக்குப் போடுவதற்காகக் கையை நீட்டியபோது பர்தாவின் கை மேலே ஏறியது. முழங்கைக்குக் கீழே நீளமாக ஒரு பளபளப்பான தழும்பு.

“இது என்ன ராத்தா?”

“இதா? வேலைக்கி வந்த புதுசுல. சல்பூரிக் அமிலம். போத்தல் மூடி சரியா ஈக்கல்ல.”

சேர் சோற்றைப் பிசைந்தபடி சிரித்தார். “அது சின்னன். என்ரையைப் பாருங்கோ.” மணிக்கூட்டைக் கழற்றி மணிக்கட்டைக் காட்டினார். பட்டி மறைக்கும் இடத்தில் தோல் சுருங்கியிருந்தது. “படிக்கிற காலத்திலை வந்தது. ஒரு வாரம் கொப்பி எழுதேல்லை.”

நான் சாப்பிடுவதை நிறுத்தினேன். அந்தக் கேள்வி யோசித்து வந்ததல்ல, அதுவாகவே வாயில் வந்தது.

“அதுக்குப் பெறகு ஒங்களையும் மேச வேலைக்கு அனுப்பிட்டாங்களா சேர்?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். ராத்தாவின் கரண்டி அப்படியே நின்றது.

“இல்லை,” என்றார். பிசைந்த சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினார். “எனக்கு நல்ல கையுறை வாங்கித் தந்தவை.”

அவர் எழுந்து போய்க் கை கழுவினார். வழக்கத்தைவிட அதிக நேரம் கழுவினார். திரும்பி வந்து, ஈரக் கையைக் கைக்குட்டையில் துடைத்தபடி கேட்டார்.

“சரி பிள்ளை. உங்களுக்கு என்ன வேணும்? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ.”

யோசிக்க ஒன்றுமே இருக்கவில்லை. வேலைக்கு வந்த நாளிலிருந்து எனக்குள் அடுக்கி வைத்திருந்ததுதான். மேசை தாழ்வாக வேண்டும். அதன் விளிம்பில் ஒரு வரம்பு வேண்டும், சிந்தினால் மடிக்கு வழியாமல் இருக்க. கைக்கெட்டும் இடத்தில் தண்ணீர் வேண்டும். மடியை மூட ஏதாவது வேண்டும். சொல்லச் சொல்ல என் குரல் உயர்ந்துகொண்டே போனது எனக்கே தெரிந்தது. ராத்தா கோபமாகச் சொன்னார்:

“இத ஏன் புள்ள இவ்வளவு நாளும் சொல்லல்ல?”

“நீங்க எல்லாரும் நல்லா பாத்துக்கிட்டீங்க ராத்தா. அதான் கேக்கவே வாய் வரல.”

நிர்வாகம் ஷவரை மாற்ற இப்போதைக்கு முடியாது என்றது. மேசைக்கு மட்டும் சம்மதித்தது. ஷவருக்குப் பதிலாக, கையில் பிடித்து அமுக்கும் தலை வைத்த நீளமான தண்ணீர்க் குழாயை மேசைப் பக்கத்திலேயே பூட்டிக்கொண்டோம். மேசை செய்ய வந்த சிங்களத் தச்சு பாஸ், அளவு நாடாவை என் முழங்காலில் வைத்து, மேலே ஒரு விரல் இடம் விட்டு அளந்தார். அப்படியும் முதல் மேசையில் என் நாற்காலியின் கைப்பிடி இடித்தது. திட்டியபடியே கொண்டுபோய் மேசைக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்துத் திருப்பிக் கொண்டுவந்தார். “ஹரித மிஸ்?” என்றார். சரியாக இருந்தது.

மடியை மூடுவதுதான் பெரிய வேலையானது. விற்பனைக்கு இருந்த ஏப்ரன்கள் எல்லாம் நிற்பவர்களுக்கானவை. உட்கார்ந்தால் நடுவில் குழி விழுந்து, சிந்தியது அங்கேயே தேங்கும். சேர் சொன்னார்: “நாங்கள் சோதிக்கிற ஆக்கள்தானே? சோதிச்சுப் பாப்பம்.”

அது நான் அந்த ஆய்வுகூடத்தில் கழித்த மிகச் சந்தோஷமான நாள். ராத்தா மழைக்கோட்டுத் துண்டு கொண்டுவந்தார். நான் முச்சக்கர வண்டி இருக்கையின் ரெக்சின், கூரைத் துணி இரண்டும் கொண்டுவந்தேன். சேர் தன் வீட்டு மேசைவிரிப்பை மனைவிக்குத் தெரியாமல் வெட்டிக்கொண்டு வந்திருந்தார். ராத்தாவின் கணவருக்குக் கலகெதரயில் டயர் ஒட்டும் கடை இருந்தது, அங்கிருந்து பழைய லொறி டியூப் ஒன்று வந்தது. ஒவ்வொன்றையும் வெட்டி, அடியில் நீலப் பாசிச்சாயத்தாளை வைத்து, மேலே அமிலத்தைச் சொட்டினோம். தாள் சிவந்தால் அமிலம் ஊறிவிட்டது என்று அர்த்தம். மேசைவிரிப்பு முதலில் தோற்றது. மழைக்கோட்டு சுருண்டது. ரெக்சினும் கூரைத் துணியும் தாங்கின, ஆனால் தையல் ஓட்டை வழியாக அமிலம் இறங்கியது. தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தபோது லொறி டியூபின் கறுப்பு கொஞ்சம் மங்கியிருந்தது. அடியில் இருந்த தாள் நீலமாகவே இருந்தது.

“என்ட மனிசன்ட டியூப்தான் வென்ற!” என்று ராத்தா கை தட்டினார்.

கட்டுகஸ்தோட்டையில் முச்சக்கர வண்டிக்குக் கூரை தைக்கும் கடைக்கு டியூபைக் கொண்டுபோனேன். மடியில் வரும் பகுதியில் ஊசியே படக் கூடாது, ஓரத்தில் மட்டும் தைக்க வேண்டும், முன்பக்கம் முழங்காலைத் தாண்டிச் சரிந்து கீழே போக வேண்டும் என்று படம் வரைந்து காட்டினேன். தைப்பவர் டியூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது என்னம்மா, எறச்சிக் கடைக்கா?”

“இல்லண்ணே, லேப்புக்கு. எனக்குத்தான்.”

“அப்ப ஓரத்துக்குச் செவப்புப் பட்டி வச்சுத் தாறேன். பொம்பளப் புள்ள போடுறது.”

சிவப்பு ஓரம் வைத்த அந்தக் கறுப்பு மடிக்கவசம் பாரமாக இருந்தது, வெயில் நாளில் வேர்த்தது, டயர்க் கடை மாதிரி மணத்தது. ராத்தா அதற்குப் பவுடர் பூசிப் பார்த்தார், அத்தர் தடவிப் பார்த்தார். பிறகு டயர்க் கடையும் அத்தர்க் கடையும் சேர்ந்து மணத்தது. ஆனால் அதைக் கட்டிக்கொண்டு தாழ்ந்த மேசையில் முழங்கையை ஊன்றி, அளவியின் திருகைப் பிடித்தபோது என் கை நடுங்கவில்லை. அமில வேலை முடிந்ததும் கவசத்தைக் கழற்றி மடியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். நான் மறந்தாலும் ராத்தா மறக்கமாட்டார். அடுத்த அறையிலிருந்து “மடியப் பாத்தா?” என்று சத்தம் வரும். வந்திருக்கும் வாடிக்கையாளர்கள் திகைப்பார்கள்.

எதிர்பாராத ஒரு தொல்லையும் வந்தது. ராத்தாவுக்கு முழங்கால் நோவு இருந்தது. இத்தனை வருடம் நின்றே வேலை செய்தவர். நான் விடுமுறை எடுத்த ஒரு நாள் என் மேசையில் கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு எழும்ப மறுத்துவிட்டார். காலையில் யார் முதலில் வருகிறோமோ அவர்களுக்கு மேசை என்றானது. கலகெதரயிலிருந்து விடிய முன்னமே பஸ் ஏறத் தொடங்கினார். கடைசியில் சேர் தலையில் கை வைத்துக்கொண்டு தச்சு பாஸை மறுபடியும் கூப்பிட்டு, இன்னொரு மேசைக்குச் சொன்னார். இப்போது இரண்டும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. நின்று வேலை செய்கிறவர் சேர் மட்டும்தான். அவரும் யாரும் இல்லாத நேரம் பார்த்து உட்காருகிறார் என்று எனக்குச் சந்தேகம்.

போன மாதம் மறுபடியும் சிந்தியது. குடுவை வழுக்கி, ஐதரோக்குளோரிக் அமிலம் வரம்பையும் தாண்டி என் மடிக்கு வந்தது. கவசத்தில் பட்டு முன்னால் சரிந்து தரையில் ஓடியது. நான் குழாயை எடுத்துக் கழுவினேன். கவசத்தைக் கழற்றிப் பார்த்தேன். பாவாடையில் ஒரு புள்ளி இல்லை. தரையைத் துடைக்க ஆளைக் கூப்பிட்டுவிட்டு, புதுக் கரைசல் எடுத்து நியமிப்பைத் தொடர்ந்தேன்.

தேநீர் நேரத்தில்தான் சொன்னேன். ராத்தா வாயில் இருந்த பிஸ்கட்டோடு ஏசத் தொடங்கினார். ஏன் கூப்பிடவில்லை, நான் அடுத்த அறையில்தானே இருந்த, உங்களுக்கு மண்டை பிழையா என்று நிறுத்தாமல் ஏசினார். நான் சேரைப் பார்த்தேன். அவர் கோப்பையை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனவர் அப்படியே வைத்திருந்தார். ஒரு கணம் அவர் முகம் அந்தூரியம் வைத்த நாளில் இருந்த மாதிரி ஆனது. பிறகு ஒரு மிடறு குடித்தார்.

“ஓம்?” என்றார். “நியமிப்பு முடிஞ்சுதோ? எத்தினை வந்தது?”

அளவைச் சொன்னேன். கொஞ்சம் கூடுதலாக இருக்கிறதே, இன்னொரு தடவை செய்து பாருங்கோ என்றார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தேநீரை முடித்துவிட்டு மேசைக்குத் திரும்பினேன்.